ஹெரான் தீவு

ஹெரான் தீவு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கடற்கரைக்கு அப்பால், பெரும் பவளத்திட்டின் தென்பகுதியில் அமைந்த சிறு மணல் தீவு ஆகும். கிளாட்ஸ்டன் துறைமுக நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், மகர ரேகையை ஒட்டி இது உள்ளது. நீளம் 800 மீட்டர், அகலம் 300 மீட்டர், பரப்பளவு சுமார் 16 எக்டேர். கடற்கரை வழியாக மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் தீவைச் சுற்றி வந்துவிடலாம். தீவின் மிக உயர்ந்த இடம்கூடக் கடல்மட்டத்திலிருந்து நான்கு மீட்டரை எட்டாது.

வெண்மணல் கடற்கரை, முட்டையிட வரும் கடலாமைகள், காட்டை நிறைக்கும் கடற்பறவைகள், கரையிலிருந்தே இறங்கிப் பார்க்கக்கூடிய பவளப்பாறைகள் ஆகியவற்றால் இத்தீவு பெயர்பெற்றது. இதன் ஒரு பகுதி 1943-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1981-இல் பெரும் பவளத்திட்டு முழுவதும் உலகப் பாரம்பரியக் களமானபோது இத்தீவும் அதனுள் அடங்கியது. ஒரு விடுதி, ஓர் ஆய்வு நிலையம், பூங்கா ஊழியர்களின் தங்குமிடம் ஆகியவை தவிர இங்கு வேறு குடியிருப்பு இல்லை.

மணல் எங்கிருந்து வந்தது

ஹெரான் தீவின் மணல் ஆறு கொண்டுவந்தது அன்று. பாறை உடைந்து உண்டானதும் அன்று. தீவில் ஆறு, ஓடை, குன்று எதுவும் கிடையாது. பவளத் துண்டுகள், கிளிஞ்சல்கள், சுண்ணாம்பை உடலில் சேர்க்கும் பாசிகள், ஃபொராமினிஃபெரா எனப்படும் நுண்ணுயிரிகளின் ஓடுகள் ஆகியவை அலையில் அரைபட்டுச் சேர்ந்த மணல் இது. ஒரு பிடி மணலை உருப்பெருக்கியில் வைத்தால் ஒரு காலத்தில் உயிருள்ளவையாக இருந்தவற்றின் மிச்சமே பெரும்பாலும் தெரியும்.

தீவு அமர்ந்திருக்கும் பவளமேடை தீவைப்போல் நூறு மடங்குக்கும் பெரியது. அந்த மேடையைச் சுற்றி வரும் அலைகள் அதன் மேற்கு முனையருகே ஒன்றையொன்று சந்தித்து வலுவிழக்கின்றன. சுமந்துவந்த மணலை அங்கே இறக்கிவிடுகின்றன. அப்படிக் குவிந்த திட்டில் பறவைகள் தங்கின. எச்சம் சேர்ந்து மண் உரம் பெற்றது. பறவைகளின் இறகில் ஒட்டியும் கடலில் மிதந்தும் வந்த விதைகள் முளைத்தன. இவ்வாறு உருவான தீவுகளுக்கு உறுதியான அடித்தளம் கிடையாது. ஒரு பெரும்புயல் ஒரு பக்கத்துக் கடற்கரையை அரித்து மறுபக்கத்தில் சேர்க்கக்கூடும்.

மனிதர் தலையீடும் அதையே செய்தது. படகுகள் கரையை அணுகுவதற்காகப் பவளமேடையை உடைத்துக் கால்வாய் வெட்டினர். வற்றுநீரின்போது மேடையில் தேங்கி நிற்க வேண்டிய நீர் அக்கால்வாய் வழியே வேகமாக வடியத் தொடங்கியது. நீரோடு மணலும் போயிற்று. பின்னர் அதைத் தடுக்கத் தடுப்புச் சுவர்கள் எழுப்ப வேண்டியதாயிற்று.

கால்வாயின் வாயிலில் துருப்பிடித்து நிற்கும் கப்பல் உடல் பயணிகள் முதலில் பார்க்கும் காட்சி. இது 1884-இல் தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றத்திற்காகக் கட்டப்பட்ட புரொடெக்டர் என்ற போர்க்கப்பல். 1900-இல் சீனாவின் பாக்சர் கிளர்ச்சிக் காலத்தில் அங்கு அனுப்பப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் மோதலில் சேதமடைந்து கைவிடப்பட்ட பின், அலைத்தடுப்பாகப் பயன்படட்டும் என்று 1945-இல் இங்கு கொண்டுவந்து அமிழ்த்தப்பட்டது. இன்று அதன் நிழலில் மீன்கூட்டங்களும் திருக்கைகளும் ஒதுங்குகின்றன.

ஆமைத் தொழிற்சாலையிலிருந்து விடுதிக்கு

1843-இல் பிரித்தானியக் கடற்படையின் பிளை என்ற அளவைக் கப்பல் இப்பகுதிக்கு வந்தது. பவளமேடையில் இரை தேடி நின்ற கொக்குகளைக் கண்டு இத்தீவுக்கு ஹெரான் எனப் பெயரிட்டனர். அச்சொல் நாரை, கொக்கு இனப் பறவைகளைக் குறிப்பது. அவை பவளப்பாறைக் கொக்குகள். ஒரே இனத்தில் தூய வெள்ளைப் பறவையும் கருஞ்சாம்பல் பறவையும் உண்டு. இரண்டும் இணை சேர்வதும் இயல்பு. தீவில் இப்போதும் இரு நிறங்களையும் அருகருகே காணலாம்.

1920-களில் இங்கு ஆமை இறைச்சியைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை நடந்தது. ஐரோப்பியச் செல்வர் வீட்டு விருந்துகளில் ஆமைச் சாறு உயர்ந்த உணவாகக் கருதப்பட்ட காலம் அது. இரவில் முட்டையிடக் கரையேறும் பச்சை ஆமைகளை மல்லாக்கப் புரட்டிவிடுவர். மல்லாந்த ஆமையால் தானாக நிமிர இயலாது. காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். கரையேறுபவை எல்லாம் பெண் ஆமைகள் என்பதால், இம்முறையில் கொல்லப்பட்டது ஒவ்வொன்றும் முட்டையிடும் பருவத்தை எட்டிய தாய். சில ஆண்டுகளிலேயே தொழில் நொடித்தது.

கைவிடப்பட்ட கட்டடங்களை வைத்து 1932-இல் கிறிஸ்டியன் போல்சன் என்பவர் விடுதி தொடங்கினார். தொடக்ககாலச் சுற்றுலாவும் ஆமைகளுக்கு அவ்வளவு கனிவானதாக இல்லை. கடலுக்குத் திரும்பும் ஆமையின் முதுகில் அமர்ந்து சவாரி செய்வது பவளத்திட்டுத் தீவுகளில் அன்று வாடிக்கையான பொழுதுபோக்கு; அப்படி எடுத்த படங்கள் விளம்பரத்திற்கும் பயன்பட்டன. கடலாமைகளுக்கு முழுமையான சட்டப் பாதுகாப்பைக் குயின்ஸ்லாந்து அரசு 1968-இல்தான் அளித்தது.

ஆய்வு நிலையம் 1950-களின் தொடக்கத்தில் உருவாகி, இன்று குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. 2007-இல் தீவிபத்தில் அழிந்து மீண்டும் கட்டப்பட்டது. பவளப்பாறைகளைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் உலகின் பல பகுதிகளிலிருந்தும் இங்கு வந்து தங்குகின்றனர்.

கடலாமைகள்

பச்சை ஆமையைத் தமிழக மீனவர் பேராமை என்பர். நவம்பர் முதல் மார்ச் வரை இவ்வாமைகள் ஹெரான் தீவில் முட்டையிடுகின்றன. குறைந்த எண்ணிக்கையில் பெருந்தலை ஆமைகளும் வருகின்றன. வற்றுநீரின்போது பவளமேடை வெளியே தெரிவதால் ஆமைகளால் அதைக் கடக்க முடியாது. ஆகவே இரவில் நீர் ஏறியிருக்கும் வேளையை ஒட்டியே அவை கரைக்கு வரும். ஆமையைக் காண விரும்புபவர் கடிகாரத்தைவிட ஓத அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள உடலை மணலில் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவது ஆமைக்குப் பெரும்பாடு. முன் துடுப்புகளால் உடல் அமரும் பள்ளத்தைப் பறிக்கும். பின் துடுப்புகளால் குடம் போன்ற குழியைத் தோண்டும். வேரோ கல்லோ தட்டுப்பட்டால் அதைக் கைவிட்டு வேறிடம் தேடும். சில நேரம் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பி மறுநாள் இரவு வரும். ஒரு குழியில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். இரு வாரங்களுக்கு ஒரு முறை என ஒரே பருவத்தில் பல தடவை முட்டையிட்ட பின், அந்த ஆமை மீண்டும் இங்கு வரச் சில ஆண்டுகள் ஆகும்.

ஒவ்வோர் ஆண்டும் வரும் ஆமைகளின் எண்ணிக்கை பெரிதும் மாறுபடும். ஓர் ஆண்டில் இரவு முழுதும் கரை நிறைந்திருக்கும். அடுத்த ஆண்டு விரல்விட்டு எண்ணலாம். காலின் லிம்பஸ், நெவில் நிக்கல்ஸ் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது: பசிபிக் பெருங்கடலின் எல் நினோ போன்ற காலநிலை ஊசலாட்டங்களோடு, இரண்டு ஆண்டுகள் கழித்து முட்டையிட வரும் ஆமைகளின் எண்ணிக்கை தொடர்புடையது. பச்சை ஆமை கடற்புல்லையும் பாசியையும் மேய்வது. நல்ல மேய்ச்சல் கிடைத்து உடலில் கொழுப்புச் சேர்ந்தால்தான் அது நெடும்பயணத்திற்கும் முட்டைக்கும் தயாராகும். அதற்கு ஓராண்டுக்கு மேல் பிடிக்கிறது.

ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சுகள் பொரிகின்றன. ஜனவரி முதல் மே வரை, வெயில் தாழ்ந்து மணல் குளிரும் மாலையிலும் இரவிலும் அவை கூட்டமாக மேலே வருகின்றன. கரையில் கடற்காகங்களும் நண்டுகளும் காத்திருக்கும். பகல் வெளிச்சம் மிஞ்சியிருக்கும்போது வெளிவந்த கூட்டத்தில் தப்புபவை மிகக் குறைவு. கடலைத் தொட்டாலும் ஆபத்து தீர்வதில்லை. பவளமேடையின் ஆழமற்ற நீரைக் கடப்பதற்குள் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குஞ்சுகள் மீன்களுக்கு இரையாகின்றன என இத்தீவில் நடந்த ஆய்வு காட்டியது. முழுநிலவில் வற்றுநீரில் இறங்கிய கூட்டத்திற்கு இழப்பு மிக அதிகம். அமாவாசை இருட்டில் நீரேற்றத்தில் இறங்கியதற்கு மிகக் குறைவு.

குஞ்சு ஆணா பெண்ணா என்பது கருவில் அன்றி மணலின் சூட்டில் முடிவாகிறது. மணல் குளிர்ந்திருந்தால் ஆண்கள், சூடாக இருந்தால் பெண்கள். ஹெரான் தீவு இவ்வளவு சிறியதாக இருந்தும் அதன் வடகரையும் தென்கரையும் ஒன்றுபோல் இல்லை. தென்னரைக்கோளத்தில் கதிரவன் வடக்கே சாய்ந்து செல்வதால் வடகரை மணல் கூடுதல் சூடாகிப் பெண் குஞ்சுகளையும், மரநிழல் விழும் தென்கரை ஆண் குஞ்சுகளையும் அதிகமாகத் தருவதை ஆய்வாளர்கள் 1980-களிலேயே கண்டனர்.

இந்தச் செய்திக்கு இன்று புதிய கனம் உண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும் பவளத்திட்டின் வெப்பமான வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காட்டிற்கும் மேல் பெண்கள் எனத் தெரியவந்தது. ஹெரான் தீவு அடங்கிய தென்பகுதியில் பிறந்தவற்றில் பெண்கள் 65 முதல் 69 விழுக்காடு. வடக்கே ஆண் ஆமைகள் ஏறக்குறையப் பிறக்காமல் போய்விட்ட நிலையில், ஆண்களைத் தொடர்ந்து தரும் குளிர்ந்த கரைகளாகத் தெற்கத்தித் தீவுகள் எஞ்சியுள்ளன. பச்சை ஆமை முதிர்ச்சியடைய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், இன்றைய மணலின் சூடு முட்டையிடும் ஆமைகளின் எண்ணிக்கையில் தெரிய ஒரு தலைமுறை பிடிக்கும்.

பிசோனியா காடும் பறவைகளும்

தீவின் நடுப்பகுதியை மூடியிருப்பது பிசோனியா கிராண்டிஸ் என்ற மரம். தமிழருக்கு இது முற்றிலும் அந்நியமானது அன்று. தமிழ்நாட்டில் வீட்டு முற்றங்களில் வெளிர்பச்சை இலைகளோடு நிற்கும் லச்சக்கொட்டைக் கீரை மரம், யாழ்ப்பாணத்தில் வறை செய்யும் சண்டி ஆகியவை இதே இனத்தின் தோட்ட வகை. வாதநோய்க்கு உகந்த கீரை என அங்கு அறியப்படும் மரம், இங்கு பதினைந்து மீட்டருக்கு மேல் உயர்ந்து காடாக நிற்கிறது. தோட்டத்தில் போத்து நட்டே வளர்ப்பதால் அதன் காயை நம்மவர் பெரும்பாலும் பார்த்திருப்பதில்லை. பறவைகளுக்கு ஆபத்து அந்தக் காயில்தான் இருக்கிறது.

பிசோனியாவின் விதைகள் பசைபோல் ஒட்டுபவை. மரத்தில் கூடு கட்டும் பறவையின் இறகில் ஒன்றிரண்டு ஒட்டினால் அது பறந்து வேறு தீவுக்குக் கொண்டுசெல்லும். மரம் பரவுவது இப்படித்தான். கொத்தாக ஒட்டிக்கொண்டால் பறவையால் சிறகை விரிக்க முடியாது. தரையில் விழுந்து பட்டினியால் இறக்கும். இறந்த பறவை உரமாகி விதைக்கு உதவும் என்ற கருத்து நெடுநாள் இருந்தது. சீசெல்சுத் தீவுகளில் சோதித்துப் பார்த்தபோது அத்தகைய தெளிவான பயன் தென்படவில்லை. உயிரோடு பறக்கும் பறவையே மரத்திற்கு வேண்டியது. சாவு அதன் பக்கவிளைவு.

இந்த ஆபத்தான மரத்தையே கருநிற நாடி ஆலாக்கள் வீடாகக் கொள்கின்றன. கோடைப் பருவத்தில் பல்லாயிரக்கணக்கில் வரும் இவை, பிசோனியாவின் உதிர்ந்த இலைகளைத் தம் எச்சத்தால் ஒட்டிக் கிளைகளில் சிறு மேடை போன்ற கூடு அமைக்கின்றன. கூட்டுக்கு ஒரே முட்டை. ஆண் பறவை ஓர் இலையை எடுத்துவந்து பெண்ணின் முன் வைக்கும். அது பிடிக்கவில்லை என்றால் வேறோர் இலை தேடிப் போகும். மரத்தடியில் நடப்பவர் தொப்பியின்றிப் போகாமலிருப்பது நலம்.

கிளைகள் நாடி ஆலாக்களுக்கு என்றால் நிலத்தடி ஆப்புவால் ஷியர்வாட்டர்களுக்கு. அக்டோபரில் வரும் இப்பறவைகள் மணலில் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள வளை தோண்டி ஒற்றை முட்டையிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. பகல் முழுதும் கடலில் இரை தேடி, இருட்டிய பின் கரைக்குத் திரும்பும். காற்றில் லாவகமாகச் சறுக்கும் பறவைக்குத் தரையிறங்கத் தெரியாது. கிளையில் மோதி, புதரில் விழுந்து, தட்டுத்தடுமாறி வளையைத் தேடி நடக்கும். அதன் பின் ஒலி தொடங்கும். பச்சிளங்குழந்தைகள் பல ஒன்றாக அழுவதைப்போன்ற ஓலம் விடியும் வரை கேட்கும். விடுதியில் முதல் இரவு உறக்கம் கெடுவோர் பலர்.

ஆண்டு முழுதும் தீவிலேயே வாழும் சிறு பறவை காப்ரிகார்ன் வெள்ளிக்கண்ணி. பெருநிலத்து உறவினரைவிட உடல் பெருத்த துணையினம். ஒவ்வொரு பறவைக்கும் கால்வளையம் இட்டுப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டதால், தீவுப் பறவைகளின் வாழ்க்கை பற்றிய அறிவுக்கு இது முக்கியச் சான்றாகியுள்ளது.

காடு பறவைகளுக்கு வீடு. பறவை எச்சம் காட்டுக்கு உரம். இந்தப் பிணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துத் தீவே சாட்சி. அருகிலுள்ள டிரையான் தீவில் 1990-களில் செதில்பூச்சி ஒன்று பெருகி, அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைக் காத்து வளர்க்க, பிசோனியா காடு ஏறக்குறைய முழுவதும் பட்டுப்போனது. எறும்பைக் கட்டுப்படுத்தி மீண்டும் மரம் நட வேண்டியிருந்தது. ஹெரானுக்கு வருபவர் காலணியிலும் பையிலும் மண், விதை, பூச்சி இல்லாமல் வர வேண்டும் என்பது இதனாலேயே.

பவளமேடை

வற்றுநீரில் கணுக்கால் அளவு நீரில் பவளமேடைமேல் நடக்கலாம். கடல் அட்டைகள், விண்மீன்கள், நீலமும் பச்சையுமாக உதடு விரித்த பெருமட்டிகள் ஆகியவை கண்ணில் படும். எப்போலெட் சுறா என்னும் சிறு சுறாவும் இங்கு உண்டு. நீர் வற்றிய குட்டைகளில் இரவில் ஆக்சிசன் மிகவும் குறையும்போது மற்ற மீன்கள் வெளியேறிவிடும். இச்சுறா தன் உடலின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்திற்கு மேல் தாக்குப்பிடிக்கும். துடுப்புகளை ஊன்றித் தவழ்ந்து ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். இத்தன்மை பற்றிய ஆய்வுகள் ஹெரான் தீவில் நடந்துள்ளன. துறைமுகக் கரையோர ஆழமற்ற நீரில் திருக்கைகளும் உழுவைகளும் கூட்டமாகப் படுத்திருக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இக்கடல் வழியே போய்வருகின்றன.

பவளங்களின் நிலை அண்மைக் காலம் வரை வடபகுதியைவிட மேலாக இருந்தது. தென்பகுதியின் குளிர்ந்த நீர் பெருமளவு காப்பளித்தது. 2024 கோடையில் அந்தக் காப்பு போதவில்லை. பெரும் பவளத்திட்டின் தென்பகுதி கடுமையாக வெளிறியது. ஹெரானுக்குக் கிழக்கே உள்ள ஒன் ட்ரீ தீவில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட பவளத் தொகுதிகளில் பிப்ரவரியில் 66 விழுக்காடும் ஏப்ரலில் 80 விழுக்காடும் வெளிறியிருந்தன. ஜூலைக்குள் 44 விழுக்காடு இறந்துவிட்டன. தீவின் மணலே பவளத்தாலும் ஓடுகளாலும் ஆனது என்பதால், பவளமேடை நலிந்தால் கடற்கரைக்கு வரும் மணலும் காலப்போக்கில் குறையும்.

சென்று காணுதல்

கிளாட்ஸ்டனிலிருந்து படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். காற்றுள்ள நாள்களில் கடல் கொந்தளிப்பு அதிகம் என்பதால் குமட்டல் மாத்திரை பலருக்கும் தேவைப்படும். உலங்கூர்தியிலும் கடல் விமானத்திலும் அரை மணி நேரத்தில் சேரலாம். பவளமேடையின் முழு வடிவமும் மேலிருந்துதான் புலப்படும். காலையில் வந்து மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாவுக்கு இத்தீவு ஏற்றதன்று. விடுதியிலோ ஆய்வு நிலையத்திலோ தங்குவோரே பொதுவாக வருகின்றனர். குடிநீர் கடல்நீரிலிருந்து பெறப்படுவதால் சிக்கனம் வேண்டும்.

ஆமைகளுக்காக வருபவர் டிசம்பர், ஜனவரியிலும், குஞ்சுகளுக்காக வருபவர் பிப்ரவரி, மார்ச்சிலும் வரலாம். ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி வரை இரண்டையும் காணும் வாய்ப்பு உண்டு. தெளிந்த நீரில் நீந்த விரும்புபவருக்குக் குளிர்காலம் நல்லது.

கரையில் ஆமை ஏறுவதைக் கண்டால் அசையாமல் அமர்ந்துவிட வேண்டும். அது முட்டையிடத் தொடங்கும் வரை விளக்கு அடிக்கவோ நெருங்கவோ கூடாது. முன்பக்கமாக நிற்கவும் கூடாது. பிறந்த குஞ்சுகள் அடிவானத்தின் வெளிச்சத்தைக் கொண்டே கடலை அறிகின்றன. ஒரு கைவிளக்கோ அறைச் சன்னலோ அவற்றைக் காட்டுக்குள் திருப்பிவிடும். காட்டில் பாதையை விட்டு விலகினால் ஷியர்வாட்டர் வளை இடிந்து குஞ்சு புதையும். பவளமேடையில் அழகிய கூம்புச் சங்கைக் கையில் எடுப்பது உயிருக்கே ஆபத்து. அதன் நச்சு முள் ஆளைக் கொல்லவல்லது. நீலவளையக் கணவாயும் கல்மீனும் அப்படியே. கனத்த அடிப்பாகமுள்ள காலணி அணிந்து, உயிருள்ள பவளத்தைத் தவிர்த்து மணற்பகுதிகளில் கால் வைக்க வேண்டும்.

கடற்காகம் குஞ்சு ஆமையைத் தூக்கிச் செல்வதையும், விதை ஒட்டிய நாடி ஆலா மரத்தடியில் கிடப்பதையும் பார்க்க நேரும் பயணிகள் கை கொடுக்க முனைவது இயல்பு. அதைச் செய்ய வேண்டாம் என்றே பூங்கா ஊழியர் கேட்டுக்கொள்கின்றனர். குழந்தைகளோடு வருவோருக்கு இந்த விதியே மிகக் கடினமானது.